மூளை உறையில் மெல்ல வளரும் லிம்ஃபோமா

மூளைக்கு உறைகள் மூன்று. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் தடித்த நார்த்திசு டியூரா. அதற்கு உள்ளே மெல்லிய அரக்னாய்டு. அதற்கும் உள்ளே மூளையின் மேடுபள்ளங்களோடு படிந்துசெல்லும் பயா. வெளியுறையான டியூராவில், இரத்த வெள்ளணுக்களில் ஒருவகையான பி லிம்ஃபோசைட்டுகள் மெல்ல மெல்லத் திரண்டு கட்டியாவதுதான் டியூராவின் மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமா. வயிறு, உமிழ்நீர்ச் சுரப்பி, கண்குழி, நுரையீரல் ஆகிய இடங்களில் வரும் ‘மால்ட்’ லிம்ஃபோமா குடும்பத்தைச் சேர்ந்தது இது. மிக அரிது. ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் சிலவற்றை மட்டுமே பார்க்கக்கூடும். ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெறுபவர்களும் உண்டு.

‘மூளையில் லிம்ஃபோமா’ என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதியிருந்தால் பெரும்பாலான மருத்துவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறொரு நோய். மூளைத் திசுவுக்குள்ளேயே தோன்றும் பெரிய அணு வகை லிம்ஃபோமா அது. வாரக்கணக்கில் வளரும், சிகிச்சை இல்லாமல் விட்டால் சில மாதங்களில் உயிரைக் கொண்டுபோகும், உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற கடுமையான கீமோ வேண்டும். டியூராவில் வருவதோ பெரும்பாலும் ஓரிடத்தில் நிற்பது, குறைந்த சிகிச்சைக்கே கரைவது. ஆகவே இந்த நோயில் கட்டி செய்யும் கெடுதலைவிட, கட்டிக்குத் தவறாக வைக்கப்படும் பெயர் செய்யும் கெடுதல் அதிகம். மூளை உறையின் அணுக்களிலிருந்தே எழும் கட்டியான மெனிஞ்சியோமா என்று எண்ணினால் தேவைக்கு மீறிய அறுவை. காசநோய் என்று எண்ணினால் மாதக்கணக்கில் பொருந்தாத மாத்திரை. வெறும் ‘மூளை லிம்ஃபோமா’ என்று எடுத்துக்கொண்டால் உடம்பு தாங்காத கீமோ.

மால்ட் லிம்ஃபோமா என்ற வகையை 1983-இல் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இரு பிரிட்டிஷ் நோய்க்குறியியலாளர்கள் வரையறுத்தார்கள். வயிற்றில் வருவதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா தூண்டுதலாக இருப்பதும், அந்தப் பாக்டீரியாவை ஆன்டிபயாட்டிக்கால் ஒழித்தால் கட்டியே கரைவதும் 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. புற்றுநோய் மருத்துவத்தில் அது ஒரு சின்னப் புரட்சி. டியூராவில் இதே நோய் வரும் என்பதை 1997-இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் எலைன் ஜாஃபியும் அவருடன் பணியாற்றியவர்களும் தனி வகையாக எடுத்துச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக்கட்டிப் பட்டியலில் அது இடம்பிடித்தது 2016-இல்தான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மால்ட் வகை லிம்ஃபோமா சளிச்சவ்வைச் சார்ந்தது என்பார்கள். டியூராவில் சளிச்சவ்வே கிடையாது. அரக்னாய்டின் மேற்புற அணுக்கள் சில வகைகளில் சளிச்சவ்வின் மேற்படல அணுக்களை ஒத்தவை என்பதால், அவற்றைச் சுற்றி நீண்டகால அழற்சி ஏற்படும்போது லிம்ஃபோசைட்டுகள் அங்கே வந்து குடியேறுகின்றன என்பது ஒரு விளக்கம். எலிகளின் டியூராவில் நிணநீர்க் குழாய்கள் உண்டு என்று 2015-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் காட்டியபின், மூளையின் உறையும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குப் பழக்கமான இடம்தான் என்ற எண்ணம் வலுப்பட்டது. ஆனால் வயிற்றில் பைலோரிபோல, டியூராவில் இன்ன கிருமிதான் தூண்டுகிறது என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. எனவே ஆன்டிபயாட்டிக்கால் கரைக்கும் வழி இங்கே இல்லை.

நோயாளிகளில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். மெனிஞ்சியோமாவும் அதே வயதில் அதே பாலினத்தில்தான் அதிகம் வருகிறது. குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அரக்கோணம், திருத்தணி, சோளிங்கர் வட்டாரத்தில் இத்தகைய நோயாளி எப்படி வந்துசேர்வார் என்பதைப் பார்த்தால் நோயின் போக்கும் விளங்கும். முதலில் தலைவலி. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். கண்ணாடி மாற்றப்படும், பி.பி. மாத்திரை கூட்டப்படும், சைனஸ் என்று ஆவி பிடிக்கச் சொல்வார்கள், ஒற்றைத் தலைவலி என்று மருந்துக்கடை மாத்திரையில் சில காலம் ஓடும். இவற்றில் எதையும் குற்றமாகச் சொல்ல முடியாது. தலைவலியோடு வருகிற ஆயிரம் பேரில் மூளை உறையில் கட்டி இருப்பவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். ஆனால் ஐம்பது வயதில் புதிதாகத் தொடங்கிய தலைவலி, விடியற்காலையில் எழுப்பிவிடும் தலைவலி, வாந்தியோடு வருவது, பார்வை மங்கலோடு வருவது ஆகியவை வேறு ரகம். அவற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

பலருக்கு ஸ்கேன் எடுக்கவைப்பது தலைவலி அல்ல, முதல் வலிப்பு. டியூராவில் பரவும் கட்டி கீழேயுள்ள மூளைப் புறணியை உரசுவதாலும், அங்கே நீர்கோப்பதாலும் வலிப்பு வருகிறது. ஒரு பக்கக் கையிலோ முகத்திலோ துடிப்பாகத் தொடங்கி உடம்பு முழுவதும் பரவுவது வழக்கம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இரும்பு எதையும் நிறுத்துவதில்லை; வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்பதால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைக் கவனிப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரு காலில் பலவீனம், இரட்டைப் பார்வை, காது மந்தம் ஆகியவையும் தோன்றலாம். முதுகெலும்புக்குள் ஓடும் டியூராவில் வந்தால் முதுகுவலியும் கால் மரத்துப்போதலும் முதலில் தெரியும்.

மூளை அறுவை வேண்டியவர்களுக்கு அரக்கோணம் இரண்டு திசைகளில் வழிவிடும். கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் சென்னை, மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் காட்பாடியும் வேலூரும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. இன்றும் இங்குள்ள நோயாளியின் ஃபைல் எந்த ஊருக்குப் போகும் என்பதை ரயில் நேரமே பாதி தீர்மானிக்கிறது. இரு திசையிலும் மூளை அறுவைக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதே இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர் அவர். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி தொடங்கினார். புற்றுநோய்க்கென்று 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

ஸ்கேனுக்கு வருவோம். சாதாரண சி.டி. ஸ்கேனில் இந்தக் கட்டி மூளையைவிடச் சற்று வெண்மையாக, மண்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டிய தகடாகவோ மேடாகவோ தெரியும். அவசரப் பிரிவில் நள்ளிரவில் பார்ப்பவர் அதை டியூராவின் அடியில் தேங்கிய இரத்தம் என்று எண்ணிவிடவும் கூடும். எம்.ஆர்.ஐ.யில் சாய மருந்து செலுத்தியபின் கட்டி முழுவதும் ஒரே சீராக ஒளிரும். ஓரத்தில் டியூரா வால்போல நீண்டு தடித்திருக்கும். இந்த ‘டியூரா வால்’ மெனிஞ்சியோமாவின் முத்திரை என்று மாணவப் பருவத்தில் எல்லோரும் படித்தது. உண்மையில் டியூராவில் வரும் எந்த நோயும் அந்த வாலைக் காட்டக்கூடும்.

வேறுபாடுகளைத் தேடினால் சில கிடைக்கும். மெனிஞ்சியோமாவில் சுண்ணாம்புப் படிவுகள் அடிக்கடி இருக்கும், அதை ஒட்டிய எலும்பு தடித்துப்போயிருக்கும். லிம்ஃபோமாவில் இரண்டும் பொதுவாக இல்லை. லிம்ஃபோமாவில் அணுக்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால் டி-2 படங்களில் கட்டி கருமை கலந்து தெரியும். நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் டிஃப்யூஷன் படத்தில் அசைவு குறைந்திருக்கும். உருண்டையாக அழுத்தாமல் தகடாக விரிந்து, மூளையின் மடிப்புகளுக்குள் சற்றே இறங்கப் பார்க்கும் வடிவமும் ஒரு குறிப்பு. இவற்றில் ஒன்றுகூட உறுதியானதல்ல. ‘மெனிஞ்சியோமா’ என்று மட்டும் எழுதும் அறிக்கையைவிட, ‘மெனிஞ்சியோமா, லிம்ஃபோமாவையும் கருத வேண்டும்’ என்று எழுதும் அறிக்கை நோயாளிக்கு அதிக நன்மை செய்கிறது. அந்த ஒரு வரி அறுவை அரங்கில் என்ன நடக்கும் என்பதையே மாற்றும்.

நம் நாட்டில் இந்தப் பட்டியலில் காசநோய்க்கு முன்வரிசை இடம். டியூராவைத் தடிக்கவைக்கும் காசநோய், தகடாகப் படரும் காசக்கட்டி இரண்டும் இங்கே காணக்கூடியவை. அவற்றோடு காரணம் தெரியாத டியூரா தடிப்பு, ஐ.ஜி.ஜி.4 சார்ந்த நோய், ரோசாய் டார்ஃப்மன் நோய், மார்பகப் புற்று அல்லது புராஸ்டேட் புற்று டியூராவுக்குப் பரவியது என்று எத்தனையோ உண்டு. காசநோய் என்ற ஊகத்தில் நான்கு மருந்து மாத்திரையும் கூடவே ஸ்டீராய்டும் தொடங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் லிம்ஃபோசைட்டுகளை ஸ்டீராய்டு நேரடியாகக் கொல்லும். டெக்ஸாமெத்தசோன் தொடங்கிய சில நாட்களில் தலைவலி போய்விடும். ஒரு மாதம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பாதியாகியிருக்கும். எல்லோரும் காசநோய் மருந்து வேலைசெய்கிறது என்று மகிழ்வார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது கட்டி திரும்பி வரும். மருந்துக்கு எதிர்ப்புள்ள காசநோய் என்று அடுத்த வரிசை மாத்திரைகள் தொடங்கும். இந்தச் சுழலில் ஓர் ஆண்டு போய்விடுவது கடினமல்ல.

பாதிப்பு அதோடு நிற்பதில்லை. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது பயாப்ஸி செய்தால் கட்டி அணுக்கள் அழிந்து, அழற்சியும் நாருமே கண்ணில்படும். ‘புற்றுநோய் இல்லை’ என்று அறிக்கை வரும். அது பொய்யல்ல, ஆனால் உண்மையும் அல்ல. எனவே டியூராவில் சீராக ஒளிரும் தகடு ஒன்றைப் பார்த்து, நோயாளிக்கு மூளை அழுத்தத்தால் உடனடி ஆபத்து இல்லையென்றால், திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டைத் தொடாமல் இருப்பதே சரி. வலிப்புக்கு லெவெடிராசெட்டம் போன்ற மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாம். நினைவு மங்குகிறது, மூளை ஒருபுறம் தள்ளப்படுகிறது என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது எந்தத் தேதியில் எவ்வளவு என்று சீட்டில் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். வெளியூர் சீட்டுகளில் அடிக்கடி விடுபடுவது இந்தத் தகவல்தான். கீரைக்கட்டு அளவுக்கு ரிப்போர்ட் வரும். ஸ்டீராய்டு தொடங்கிய தேதி மட்டும் இருக்காது.

அறுவையின்போது மண்டையோட்டைத் திறந்து டியூராவைப் பார்க்கும் மருத்துவருக்கு ஐயம் எழ வாய்ப்புண்டு. மெனிஞ்சியோமா பெரும்பாலும் உருண்டு திரண்டு, மூளையிலிருந்து பிரித்தெடுக்கும்படி, நிறைய இரத்தம் கசிவதாக இருக்கும். லிம்ஃபோமாவோ வெளிறிய சாம்பல் நிறத்தில், இரப்பர் போன்ற இறுக்கத்தோடு, எல்லை தெரியாமல் டியூராவுக்குள்ளேயே படர்ந்திருக்கும். அந்த நிலையில் ஒரு துண்டை நோய்க்குறியியல் துறைக்கு உடனே அனுப்ப வேண்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திசுவை நசுக்கிச் சாயமேற்றிப் பார்க்கும் ஸ்க்வாஷ் முறை இந்திய நரம்பியல் நோய்க்குறியியலாளர்களின் கைப்பழக்கம். சில நிமிடங்களில் பதில் வரும். மெனிஞ்சியோமா அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கொத்தாக, சுழல் சுழலாக நிற்கும். லிம்ஃபோமா அணுக்கள் கடுகைக் கொட்டியதுபோலத் தனித்தனியாகச் சிதறிக்கிடக்கும்.

‘லிம்ஃபாய்டு’ என்று தொலைபேசியில் ஒரு சொல் வந்துவிட்டால் அறுவையின் நோக்கம் மாறிவிடும். மெனிஞ்சியோமாவில் வேரோடு எடுப்பதே குணம். லிம்ஃபோமாவில் மருந்தும் கதிரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே உச்சியில் ஓடும் பெரிய சிரைக்குழாயை ஒட்டியோ, கண் அசைவு நரம்புகள் செல்லும் இடத்திலோ கடைசித் துணுக்குவரை துரத்த வேண்டியதில்லை. மூளையை அழுத்தும் பகுதியை எடுத்து, பரிசோதனைக்குப் போதுமான திசுவை அனுப்பி, மூடிவிடலாம். கத்தியை நிறுத்தத் தெரிவது இங்கே அறுவைத்திறனின் பெரும்பகுதி.

உறுதியான பெயர் நுண்ணோக்கியின் கீழ்தான் கிடைக்கிறது; அதற்கும் நேரம் வேண்டும். மெழுகில் பதித்த திசுவைச் சீவிப் பார்க்கும்போது சிறிய லிம்ஃபோசைட்டுகள், வெளிறிய உடல் கொண்ட சற்றே பெரிய அணுக்கள், ஆங்காங்கே பிளாஸ்மா அணுக்கள், பழைய நிணநீர் முடிச்சுகளின் எச்சம், சிலரில் அமிலாய்டு படிவு ஆகியவை கலந்து தெரியும். அழற்சியிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான் இருக்கும். வேறுபடுத்துவது இம்யூனோ சாயங்கள். சி.டி.20, சி.டி.79ஏ இரண்டும் ஏறும், சி.டி.5, சி.டி.10, சைக்ளின் டி1 மூன்றும் ஏறாது. இதனால் நாள்பட்ட லிம்ஃபோசைட் லுக்கீமியா, ஃபாலிக்குலர் லிம்ஃபோமா, மேன்டில் செல் லிம்ஃபோமா ஆகியவை விலகும். கி-67 என்னும் பிரிவுவேகக் குறியீடு குறைவாக இருக்கும். பிளாஸ்மா அணுக்களில் கப்பா, லாம்டா என்ற இருவகைப் புரதச் சங்கிலிகளைச் சாயமேற்றிப் பார்ப்பது தீர்மானமான சோதனை. அழற்சியில் இரண்டும் கலந்திருக்கும். லிம்ஃபோமாவில் ஒன்று மட்டுமே நிறைந்திருக்கும், ஏனென்றால் அவை அனைத்தும் ஒரே அணுவின் வாரிசுகள். ஐயம் தீராவிட்டால் மரபணு மறுசீரமைப்புச் சோதனை உண்டு.

இரண்டு பொறிகள் இங்கே காத்திருக்கின்றன. மெனிஞ்சியோமாவிலேயே லிம்ஃபோசைட்டும் பிளாஸ்மா அணுவும் மொய்க்கும் ஒரு வகை உண்டு. மறுபுறம், லிம்ஃபோமா படரும் இடத்தில் இயல்பான மெனிஞ்சியல் அணுக்கள் சிறு தீவுகளாகப் பெருகி நின்று, சிறிய துண்டை மட்டும் பார்ப்பவரை ‘மெனிஞ்சியோமா’ என்று எழுதவைக்கும். அடுத்தது ஐ.ஜி.ஜி.4. டியூராவின் மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமாக்களில் ஒரு பகுதியின் பிளாஸ்மா அணுக்கள் ஐ.ஜி.ஜி.4 புரதத்தைச் சுரக்கின்றன. அதை மட்டும் பார்த்து ஐ.ஜி.ஜி.4 நோய் என்று பெயரிட்டால் மீண்டும் ஸ்டீராய்டில் போய் முடியும். கப்பா, லாம்டா பார்க்காமல் அந்தப் பெயரை எழுதக் கூடாது.

இதனால்தான் பெரிய மருத்துவமனைகள் வெளியிலிருந்து வரும் நோயாளியிடம் அறிக்கையோடு நிற்காமல், திசு பதித்த மெழுகுக்கட்டியான பிளாக்கையும் கண்ணாடித் தகடான ஸ்லைடையும் கேட்கின்றன. மெழுகுக்கட்டியை உறையில் போட்டுக் கைப்பையில் வைத்து ரயிலில் எடுத்துவரும் உறவினர்கள் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. சித்திரை வெயிலில் பேருந்து ஜன்னலோரம் வைத்தால் மெழுகு இளகும் என்று யாராவது சொல்லிவிட வேண்டும்; தகடு உடைந்தால் மறுபடி சீவிக்கொள்ளலாம், பிளாக் தொலைந்தால் மறுபடி மண்டையைத் திறக்க முடியாது.

பெயர் உறுதியானபின் நோய் வேறெங்கும் இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. மூளை, முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.; கழுத்து முதல் இடுப்புவரை சி.டி. அல்லது பெட் ஸ்கேன் (மெதுவான லிம்ஃபோமா பெட் ஸ்கேனில் எப்போதும் பளிச்சென்று ஒளிர்வதில்லை, அதை நம்பி மட்டும் இருக்க முடியாது), எலும்பு மஜ்ஜைச் சோதனை, கண் பரிசோதனை, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். ‘முதுகுல தண்ணி எடுத்தா கால் போயிடும்’ என்ற பயம் ஆழமானது. தண்டுவடம் முடிந்துவிடும் மட்டத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது என்று எலும்புக்கூட்டுப் படத்தைக் காட்டி விளக்கினால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். மூளை அழுத்தம் கூடியிருக்கும்போது மட்டும் அதைச் செய்யக் கூடாது.

பெரும்பாலான நோயாளிகளில் நோய் டியூராவோடு நிற்கும். அவர்களுக்கு முதன்மையான சிகிச்சை கதிர்வீச்சு. ஊர்வழக்கில் ‘கரண்ட் வைக்கிறது’. அளவு குறைவு; அதை அளக்கும் அலகு கிரே. மெனிஞ்சியோமாவுக்கு 54 கிரே, கொடிய மூளைக்கட்டிகளுக்கு 60 கிரே கொடுக்கும் இடத்தில், இங்கே பாதிக்கப்பட்ட பகுதிக்கும் சுற்றியுள்ள சிறு எல்லைக்கும் 24 கிரே போதும். வழக்கமாக நாளுக்கு 2 கிரே, 12 நாட்கள். சனி ஞாயிறு விடுமுறை. மெதுவான லிம்ஃபோமாக்களில் 24 கிரேயையும் 4 கிரேயையும் ஒப்பிட்டு பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. நீடித்த கட்டுப்பாட்டுக்கு 24 நல்லது என்றும், 4 கிரேகூட வியக்கத்தக்க அளவில் பலன் தருகிறது என்றும் அது காட்டியது. முழு மூளைக்கும் கதிர் கொடுப்பது இந்த நோயில் பெரும்பாலும் தேவையில்லை. பின்னாளில் நினைவாற்றலைக் குறைக்கும் அந்தச் சிகிச்சையைப் பழக்கதோஷத்தில் கொடுத்துவிடக் கூடாது.

கதிர்வீச்சுக்கு முன் சூடான நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் படியவிட்டு முகமூடி செய்வார்கள். ஒவ்வொரு நாளும் தலை அதே இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க அது உதவும். இந்த வட்டாரத்தில் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: திருத்தணியிலோ திருப்பதியிலோ மொட்டை நேர்ந்திருக்கிறதா? முகமூடி செய்தபின் நடுவில் மொட்டை போட்டுவந்தால், அடர்ந்த கூந்தலுக்கு அளவெடுத்த மூடி தளர்ந்து ஆடும். மறுபடி முகமூடி, மறுபடி சி.டி., மறுபடி திட்டம். ஆடிக்கிருத்திகை நெருங்கும் வாரங்களில் இது கற்பனையான சிக்கல் அல்ல. அறுவைக் காயம் முழுக்க ஆறியபின், முகமூடிக்கு முன்பே மொட்டை போட்டுவிடலாம். அல்லது கதிர் முடிந்து தோலின் எரிச்சல் அடங்கியபின் போடலாம். கதிர் பாயும் இடத்தில் முடி உதிரும். 24 கிரே அளவில் அது பொதுவாகத் திரும்ப முளைத்துவிடும்.

கட்டி முழுவதும் அறுவையில் எடுக்கப்பட்டு ஸ்கேனில் எதுவும் மிஞ்சவில்லையென்றால், நோயாளி வயதானவராகவோ பலவீனமானவராகவோ இருந்தால், கதிர்கூட இல்லாமல் கவனித்துவருவதும் ஒரு வழி. உலகெங்கும் சேர்த்தே நோயாளிகள் மிகக் குறைவு என்பதால் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு கிடையாது. சிறு தொகுப்புகளையும் பிற மால்ட் லிம்ஃபோமாக்களின் அனுபவத்தையும் வைத்தே முடிவெடுக்கப்படுகிறது.

நோய் உடலின் வேறு இடங்களிலும் இருந்தாலோ, பல இடங்களில் டியூராவைப் பிடித்திருந்தாலோ மருந்து வரும். சி.டி.20 புரதத்தைக் குறிவைக்கும் ரிட்டக்ஸிமாப் முதன்மையானது. தனியாகவோ, பென்டமஸ்டின் அல்லது குளோராம்பூசில் உடனோ தரப்படும். டியூராவின் இரத்தக் குழாய்களுக்கு மூளைக்குள் இருப்பதுபோன்ற இரத்த மூளைத் தடுப்பு இல்லை. அதனால் நரம்பு வழியே ஏறும் சாதாரண மருந்துகளே கட்டியை எட்டிவிடும். அந்தத் தடுப்பைத் தாண்டுவதற்காகவே கையாளப்படும் உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட் இங்கே வேண்டியதில்லை. மூளைத் திசுவுக்குள் நோய் இறங்கியிருந்தாலோ, தண்டுவட நீரில் கட்டி அணுக்கள் தெரிந்தாலோ கணக்கு வேறு.

ரிட்டக்ஸிமாப் 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது இங்கே நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாத விலை. 2007-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் உயிரொத்த மருந்தாக ரெடிடக்ஸைக் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. முதல் தடவை ஏற்றும்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். மெதுவாக ஏற்றினால் அடங்கும். பெரிய ஆபத்து வேறு. முன்பு எப்போதோ வந்து அடங்கிய ஹெபடைட்டிஸ் பி, இந்த மருந்தால் விழித்துக் கல்லீரலை அழிக்கக்கூடும். மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனை மட்டும் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். இருந்தால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைச் சிகிச்சையின்போதும் அது முடிந்து ஓராண்டுக்கு மேலும் தொடர வேண்டும். நோயாளி நலமாக வீடு திரும்பி ஆறு மாதம் கழித்து மஞ்சள்காமாலையோடு வந்து, அதற்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கப்படுவதை இந்த ஒரு சோதனை தவிர்க்கும்.

செலவு விஷயத்தில் மாநில எல்லை குறுக்கே வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். திருத்தணியைத் தாண்டி நகரியிலும் புத்தூரிலும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. அவர்களின் ரேஷன் அட்டை ஆந்திராவுடையது. அவர்களுக்கு 2007-இல் ஆரோக்கியஸ்ரீயாகத் தொடங்கிய அந்த மாநிலத்துத் திட்டம்தான், அது ஏற்கும் மருத்துவமனைகளில்தான். எந்த அட்டை எங்கே செல்லும் என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கதிர்வீச்சின் பன்னிரண்டு நாட்களுக்கும் வேலூரில் லாட்ஜ் எடுப்பதா, அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் காட்பாடி போய்த் திரும்புவதா என்ற கணக்கும் அப்போதே போட வேண்டியது. வலிப்பு அடங்கி, உடன் ஒருவர் வர முடிந்தால் தினசரிப் பயணம் முடியாத காரியமல்ல. வண்டி ஓட்டக் கூடாது. படியில் நின்று பயணம் செய்யக் கூடாது.

சிகிச்சைக்குப்பின் மூன்று நான்கு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு சில காலம் ஆறு மாதத்துக்கு ஒன்று, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று என்று போகும். கட்டி கரைந்தபின்னும் டியூராவில் மெல்லிய தடிப்பு ஒளிர்ந்துகொண்டிருப்பது உண்டு. அது வளராதவரை தழும்பு என்றே கொள்ளலாம். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லும்வரை தாமாக நிறுத்தக் கூடாது. நோய் திரும்பினால் அது பழைய இடத்தில்தான் என்றில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கண்குழியிலோ, தோலுக்கடியிலோ, நுரையீரலிலோ தலைகாட்டலாம். அப்போது பழைய நோய்தான் என்று ஊகித்து மருந்து தொடங்காமல் மறுபடி திசு எடுப்பது முறை. அரிதாக அது பெரிய அணு லிம்ஃபோமாவாக மாறியிருக்கக்கூடும். அதற்குரிய சிகிச்சை முற்றிலும் வேறு. மாறாமல் அதே மெதுவான வகையாக இருந்தால், திரும்பிய இடத்துக்குக் குறைந்த அளவு கதிரோ ரிட்டக்ஸிமாபோ மறுபடியும் பலன் தரும். அன்றைக்கு நோயாளி எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் முழுப்பெயர், கதிரின் அளவு, அது பாய்ந்த இடம், ரிட்டக்ஸிமாப் எத்தனை தடவை, ஹெபடைட்டிஸ் பி முடிவு, பிளாக் எண் ஆகியவை இருக்க வேண்டும். குடும்பத்தில் இருவரிடமாவது அதன் நகல் இருக்க வேண்டும்.